மீனம்மா கூடைமேல் விழுந்த பழி

பொய் சொல்லிப் புது வேலையில் சேர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தன்னுடைய பழைய வேலையையே திரும்ப வாங்குவதற்காகப் பொய் சொன்னவன், எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். பெரிய பொய்யும் இல்லை. சட்டைக்குள் அடங்கிவிடக்கூடிய பொய். ஒரே நாளில் அது பஸ் முழுக்கப் பரவிவிட்டதுதான் வினை.

விஷயத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். என் வயிற்றின் இடது பக்கத்தில் ஒரு துவாரம் உண்டு. மற்றவர்களுக்குப் பின்பக்கம் நடக்கிற காரியம் எனக்கு முன்பக்கம் நடக்கிறது. வருவதைப் பிடித்துக்கொள்ள ஒரு பை ஒட்டியிருக்கிறேன். எண்பதுகளின் நடுவில், முப்பத்து நான்கு வயதில், குடலின் கடைசி முனையில் கட்டி என்று சொல்லி ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். எடுத்த கையோடு கீழ்வாசலைத் தைத்து மூடிவிட்டு, இடது பக்கம் புதுவாசல் வைத்தார்கள். (வாஸ்து பார்க்கவில்லை.)

இப்போது அதே ஆப்பரேஷனை ரோபோ கையை வைத்துச் செய்கிறார்களாம். நாலைந்து சின்னத் தழும்புகள், அவ்வளவுதான். அப்படிச் செய்துகொண்டவர்களில் சிலர் எனக்குப் போன் செய்வார்கள். ஆஸ்பத்திரி மிஸ்ஸி என் நம்பரைக் கொடுத்துவிடுகிறார். (எங்கள் பக்கத்தில் நர்ஸை மிஸ்ஸி என்போம்.) "அங்கிள், இந்தப் பைய வச்சிக்கிட்டு எப்படி வெளிய போறது?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். ரோபோ வெட்டினாலும் மனுஷன் வெட்டினாலும் பை ஒன்றுதான், வெட்கமும் ஒன்றுதான். நான் அவர்களுக்கு லூமுட் பஸ்ஸில் நடந்ததைச் சொல்வேன்.

எனக்கு வெட்டியவர் மனுஷன். நெஞ்சுக்குழிக்குக் கீழே ஆரம்பித்து, ஜிப் வைத்துத் தைத்த மாதிரி ஒரு நீளக் கோடு. மயக்கம் தெளிந்து குனிந்து பார்த்தால், ஜம்பு பழம் மாதிரி சிவப்பாக ஏதோ வயிற்றில் உட்கார்ந்திருந்தது.

"மிஸ்ஸி, இது எப்ப விழும்?" என்று கேட்டேன். தொப்புள்கொடி விழுகிற மாதிரி ஒரு நாள் காய்ந்து விழுந்துவிடும் என்று நினைத்தேன்.

"விழாதுண்ணே. இனிமே இதான்லா உங்களுக்கு," என்றார் மிஸ்ஸி. பிறகு கட்டிலருகே உட்கார்ந்து பாடம் எடுத்தார். வாடையடிக்கிற பெத்தாய் காய் வேண்டாம், முட்டைக்கோஸ் வேண்டாம், பயற்றங்காய் வேண்டாம், சோடா வேண்டவே வேண்டாம். காற்று சேரும், பை ஊதிக்கொள்ளும். எங்கே போனாலும் மாற்றுப் பை ஒன்று கையில் இருக்கணும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். எதையும் கேட்டுக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. என் மனைவி சரோஜாதான் எல்லாம் செய்தாள். எங்கள் மகள் தேவிக்கு அப்போது ஒரு வயது. இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் பாயில் கிடத்தி, "அசையாதீங்க ரெண்டு பேரும். ஒரே வேலையா முடிச்சிட்டா எனக்கு நிம்மதிலா," என்பாள். தேவி அசையமாட்டாள். நான்தான் அசைவேன்.

பஸ் ஓட்டுவதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது. ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக் குடும்பத்தில் பிறந்தவன். (நான் வளர்ந்த பிறகு மரத்தையெல்லாம் தள்ளிச் செம்பனை நட்டுவிட்டார்கள்.) எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஸ்டேரிங் பிடித்த முதல் ஆள் நான். காக்கிச் சட்டையோடு ஈப்போ–லூமுட் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு எங்கள் தோட்டத்து முச்சந்தியைக் கடக்கும்போது, தேவையே இல்லாமல் இரண்டு தடவை ஹாரன் அடிப்பேன். அந்த இரண்டு ஹாரனுக்காகத்தான் நான் உயிரோடு இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஆறு மாதம் கழித்து கம்பெனிக்குப் போனால், என் பஸ் வேறொருவர் கையில் இருந்தது. என் கையில் ஒரு துடைப்பமும் வாளியும் கொடுத்தார்கள். டெப்போவில் பஸ் கழுவும் வேலை. நான் கழுவிக்கொண்டிருக்க, என் பழைய பஸ் என் கண்முன்னாலேயே வெளியே போகும். டாக்டர் கடிதம் தெளிவாக இருந்தது: இவர் வாகனம் ஓட்டலாம். தவுக்கே, அதாவது எங்கள் சீன முதலாளி, அந்தக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேலு, முழுசா நல்லாயிட்டியா?"

"நல்லாயிட்டேன் தவுக்கே."

"ஒண்ணும் மிச்சம் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல தவுக்கே," என்றேன். அந்த நேரம் பார்த்துச் சட்டைக்குள்ளிருந்து மெல்லிய முனகல் ஒன்று வந்தது. நான் நாற்காலியை இழுத்து அதன்மேல் பழியைப் போட்டேன்.

தவுக்கே ஒரு முடிவு சொன்னார். ஒரு நாள் இன்ஸ்பெக்டர் ஜோசப் என்னோடு வருவார். ஈப்போவிலிருந்து லூமுட் போய்த் திரும்பணும். ஒரே ஒரு பயணி குறை சொன்னாலும், அதற்குப் பிறகு வாளிதான். குறை இல்லையென்றால் பஸ் எனக்கு.

அந்தக் காலை புந்தோங்கில் எங்கள் வீட்டில் கல்யாண வீட்டுப் பரபரப்பு. தேவியைப் பெற்றபோது தன் வயிற்றில் கட்டிய நீளத் துணியைச் சரோஜா எடுத்து, பைக்கு மேலே சுற்றி என்னை இறுக்கினாள். காக்கிச் சட்டை தட்டையாக நின்றது.

"புதுப் பை ஒட்டிட்டுப் போங்க," என்றாள்.

"முந்தாநாள்தானே ஒட்டினது? இன்னும் ஒரு நாள் தாங்கும்."

"அப்ப மாத்துப் பையாச்சும் கொண்டுபோங்க."

"எதுக்கு? பஸ் ஓட்டப் போறேன், பிரசவத்துக்கா போறேன்?"

சரோஜா பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாவிட்டால் ஏதோ முடிவு எடுத்துவிட்டாள் என்று அர்த்தம். அன்று அது எனக்குப் புரியவில்லை.

இன்ஸ்பெக்டர் ஜோசப் எனக்குப் பின்னால் இருந்த முதல் சீட்டில் உட்கார்ந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கறுப்புக் குடை, மடியில் ஒரு நோட்டுப் புத்தகம். கண்டக்டர் மணியம் என் பழைய தோழன், பத்து வருடமாக என்னை அண்ணே என்று கூப்பிடுகிறவன். அவனுக்கும் பை விஷயம் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஈப்போ, பூசிங், துரோனோ, போத்தா என்று வண்டியைத் தொட்டில் மாதிரி ஓட்டிக்கொண்டு போனேன். பிரேக் போட்டால் தூங்குகிற குழந்தை விழிக்காது. எங்கள் தோட்டத்து முச்சந்தியில் இரண்டு ஹாரன் அடித்தேன். லூமுட் போய்ச் சேர்ந்தபோது சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னால். ஜோசப் சார் நோட்டில் ஏதோ எழுதினார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

அந்த மமதையில்தான் நான் அதைச் செய்தேன்.

லூமுட் ஜெட்டியருகே ஒரு மலாய்க்கார அம்மாவின் நாசி லெமாக் கடை, அதாவது தேங்காய்ப்பால் சோற்றுக் கடை. ஆறு மாதமாகச் சரோஜாவின் கஞ்சியும் மீன் சூப்பும் சாப்பிட்டவன் நான். அந்த மிளகாய்ச் சம்பால் வாசனை வந்து தோளைத் தொட்டுக் கூப்பிட்டது. ஒரு பொட்டலம் வாங்கினேன். அதோடு பெத்தாய் காய் போட்ட சம்பால் இரண்டு கரண்டி, பயற்றங்காய்ப் பிரட்டல், முட்டை. அதன் மேல் ஒரு போத்தல் ஆரஞ்சு சோடா. மிஸ்ஸி வேண்டாம் என்று சொன்ன பட்டியலை யாரோ தட்டில் பரிமாறியது மாதிரி இருந்தது. முட்டைக்கோஸ் மட்டும்தான் இல்லை. (கேட்டேன். தீர்ந்துவிட்டது என்றார்கள்.)

திரும்பும் பயணம். லூமுட்டில் கடற்படை வீரர்கள் இருவர் ஏறினார்கள். வெள்ளைக் கைக்குட்டையோடு ஒரு பெரியவர் ஏறினார். தோட்டத்து ஆபீசில் கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்து ரிட்டையரானவர் என்று ஏறும்போதே எல்லோருக்கும் தெரியப்படுத்தினார். சித்தியவானில் இரண்டு கூடை கருவாட்டோடு மீனம்மா ஏறினார்.

மீனம்மா சீனப் பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். நான் சின்னப் பையனாக இருந்தபோது சைக்கிளில் மீன் கொண்டுவந்து எங்கள் லயத்தில் விற்றவர். அவருடைய உண்மைப் பெயர் தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. லயத்தில் கற்ற தமிழில்தான் எங்களோடு பேசுவார், சண்டையும் போடுவார். ஏறியதும் என்னைப் பார்த்து, "ஏய் வேலு! ரொம்ப மெலிஞ்சு போச்சு நீ! மீனு சாப்புடு!" என்று அதட்டிவிட்டு, கூடைகளை என் சீட்டுக்குப் பின்னால் ஜோசப் சாரின் கால்மாட்டில் வைத்தார்.

ஆயர் தாவாரில் கைக்குழந்தையோடு ஒரு அக்கா ஏறினார். வண்டி நிறைந்தது. ஊரைத் தாண்டியதும் மழை கொட்டியது. ஜன்னல்களையெல்லாம் இறக்கிவிட்டார்கள்.

அதற்காகவே காத்திருந்தது போல என் வயிற்றில் நாசி லெமாக் விழித்துக்கொண்டது.

முதலில் சத்தம். சட்டைக்குள்ளிருந்து 'ப்ர்ர்ர்' என்று நீளமாக வந்தது. நான் சட்டென்று ஹாரனை அழுத்தினேன்.

"எதுக்கு ஹாரன்?" என்றார் ஜோசப் சார்.

"மாடு சார்."

"எங்க?"

"ஓடிருச்சு சார்."

அடுத்து இன்னொன்று. இன்னொரு ஹாரன். "ஆடு சார்." மூன்றாவதற்கு என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் அதுவும் வந்துவிட்டது. "உடும்பு சார்," என்றேன். அந்தச் சாலையில் அவ்வளவு மிருகங்கள் அதற்கு முன்னும் பின்னும் கிடையாது. பின்னால் பேனா நகரும் ஓசை கேட்டது.

இதற்கிடையில் பை ஊதிக்கொண்டே வந்தது. சரோஜா கட்டிய துணி இறுகியது. சட்டைப் பட்டன் ஒன்று தெறித்துக் கண்ணாடியில் பட்டது. ஸ்டேரிங்குக்கும் எனக்கும் நடுவில் யாரோ பலூனை வைத்து அழுத்துவது போல இருந்தது. ஒரு பாலத்தின் ஏற்றத்தில் வண்டி தூக்கிப்போட்டது. இடது பக்கத்தில் வெதுவெதுப்பாக ஏதோ இறங்கியது. மூன்று நாள் பிளாஸ்டர் தன் கடமையை முடித்துக்கொண்டது.

அந்த வாடையை நான் வர்ணிக்கப் போவதில்லை. பெத்தாய் காய் சாப்பிட்டவர்களுக்குப் பாதி தெரியும். மீதியை மூடிய ஜன்னல்களோடும் நாற்பது பேரோடும் சேர்த்துக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

முதலில் குழந்தை அழுதது. கடற்படை வீரர்களில் ஒருவர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். (புயலில் கப்பல் ஓட்டுகிறவர்.) பிறகு கிராணியார் எழுந்தார். கைக்குட்டையை மூக்கில் வைத்தபடியே, கூடைகளை நோக்கி விரலை நீட்டினார்.

"கண்டக்டர்! என்னா இது? மனுசன் ஏறுற பஸ்ஸா, மார்க்கெட்டா? அழுகின மீன ஏத்திக்கிட்டு வாரீங்க!"

"யாரு மீனு அழுகினது?" மீனம்மா எழுந்து நின்றார். "என் மீனு பங்கோர் தீவுல காஞ்சது! நல்லா வெயிலு! நல்லா உப்பு! பூசோக் இல்ல! நீ மூக்குதான் பூசோக்!"

நாறுகிறது என்பதற்கு மலாயில் பூசோக் என்று சொல்வோம். அந்தச் சொல் பஸ் முழுக்கப் பறந்தது. இங்கிருந்து ஒருவர் "பூசோக்" என்றார், அங்கிருந்து ஒருவர் "இறக்கி விடுங்க" என்றார். மீனம்மா ஒவ்வொரு கருவாடாக எடுத்துக் காட்டி, "மோந்து பாரு! மோந்து பாரு!" என்று கேட்டுக்கொண்டே நடந்தார். யாரும் முகரவில்லை. முகம் திருப்பிக்கொண்டார்கள்.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? நேராகச் சாலையைப் பார்த்து ஓட்டினேன். மனதுக்குள் கடவுளுக்கு நன்றி சொன்னேன். அப்படி ஒரு ஆள் நான். பழி போக ஒரு கூடை கிடைத்தது, அதுவும் மீன் கூடை. இதைவிடப் பொருத்தமாக எதைக் கேட்பது? ஈப்போ வரை இப்படியே போய்விடலாம், இறங்கி டெப்போ குழாயில் கழுவிக்கொள்ளலாம், பஸ் எனக்கு.

கிராணியார் இன்ஸ்பெக்டரிடம் திரும்பினார். "சார், நீங்க கம்பெனி ஆளுதானே? நான் எழுத்துலயே கம்ப்ளேன் குடுப்பேன்."

ஜோசப் சார் நோட்டை மூடினார். பிறகு, "டிரைவர், அடுத்த ஸ்டாப்புல நிறுத்துங்க. அந்தம்மா எறங்கிக்கட்டும். அடுத்த பஸ்ஸுல வரட்டும்," என்றார்.

அடுத்த ஸ்டாப் என்பது ஒரு கம்பம். கூரை கிடையாது. இரண்டு பக்கமும் செம்பனை. அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம். மழை தரையில் பட்டு முழங்கால் உயரத்துக்குத் தெறித்துக்கொண்டிருந்தது. நான் நிறுத்தினேன்.

மணியம் தயங்கித் தயங்கி ஒரு கூடையைத் தூக்கினான். மீனம்மா அதை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். இரண்டு கூடைகளையும் இரண்டு கையில் எடுத்து, படிக்கட்டு வரை வந்தவர் நின்றார். கத்தவில்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது. எத்தனையோ வருடமாக அவர் கத்தி மட்டுமே கேட்டவன் நான்.

"வேலு," என்றார் மெதுவாக. "உங்க அம்மா என்கிட்டதான் மீனு வாங்குச்சு. ஒரு நாளு கெட்ட மீனு குடுத்தேனா? நீ சொல்லு. என் மீனு நாறுதா?"

எனக்கு வாளி ஞாபகம் வந்தது. துடைப்பம் ஞாபகம் வந்தது. தோட்டத்து முச்சந்தியில் இனி ஹாரன் அடிக்கமுடியாது என்பது ஞாபகம் வந்தது. இன்னும் இரண்டு வினாடி யோசித்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன் என்று இன்றும் நம்புகிறேன். நல்லவேளை, யோசிப்பது என் பழக்கமில்லை.

எஞ்சினை நிறுத்தினேன். எழுந்து திரும்பி நின்றேன்.

"மீன் இல்ல. நான்தான்," என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. "என்னா, நீ மீனா?" என்று பின்சீட்டிலிருந்து யாரோ கேட்டார்கள்.

"வாடை மீன்லேருந்து வரல. என்கிட்டேருந்துதான் வருது."

"டிரைவர், வயித்துக்கோளாறா?" என்றார் கிராணியார்.

வாயால் சொல்லி முடிகிற காரியமாகத் தெரியவில்லை. சட்டையைத் தூக்கினேன். சரோஜாவின் துணியை அவிழ்த்தேன். நாற்பது பேர் முன்னால், தழும்பும் பிய்ந்து தொங்கும் பையுமாக நின்றேன். "குடல்ல கட்டி. அறுத்து எடுத்துட்டாங்க. இனிமே எனக்கு இப்படித்தான் போகும். இந்தப் பை பிஞ்சிருச்சு. கம்பெனிக்குத் தெரியாது. மறைச்சிட்டேன். மீனம்மா மீனு நல்ல மீனு," என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அதே சொற்களை மலாயிலும் சொன்னேன், கடற்படைக்காக.

ஆயர் தாவாரில் ஏறிய அக்காதான் முதலில் பேசினார். "அட, இதுக்கா இவ்ளோ சண்டை? எம்புள்ள காலையிலேருந்து மூணு தடவ போயிட்டான்," என்று சொல்லிக்கொண்டே தன் கூடையிலிருந்து குழந்தையின் துண்டுத் துணிகளை எடுத்து நீட்டினார். "இந்தாங்கண்ணே, தொடைங்க. பவுடரும் இருக்கு."

"பவுடர் வேணாங்க்கா, போட்டா பிளாஸ்டர் ஒட்டாது," என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. ஒட்டுவதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? மாற்றுப் பை புந்தோங்கில் அல்லவா கிடக்கிறது!

"அண்ணே," என்றான் மணியம். டிக்கெட் பையின் அடியிலிருந்து பிளாஸ்டிக் தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தான். உள்ளே புதுப் பை, வெட்டி வைத்த பிளாஸ்டர், கழுவச் சின்னச் சவர்க்காரக் கட்டி. "அண்ணி காலையில டெப்போவுக்கு வந்து குடுத்திட்டுப் போனாங்க. நீங்க கேட்டாத்தான் குடுக்கணும்னு சொன்னாங்க."

"உனக்குத் தெரியுமா?"

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்த வாரமே தெரியும்ண்ணே."

நான் ஆறு மாதமாக உயிரைக் கொடுத்துக் காத்த ரகசியத்தின் நிலைமை இது.

அதற்கு மேல் மீனம்மா பொறுப்பெடுத்துக்கொண்டார். "எல்லாம் அந்தப் பக்கம் பாரு!" என்று பஸ்ஸையே திருப்பி உட்காரவைத்தார். ஒரு கூடையில் கருவாட்டுக்கு அடியில் கிடந்த தகர வாளியை வெளியே எடுத்தார். அதைக் கடற்படை வீரர்களிடம் கொடுத்து, பஸ் கூரையிலிருந்து ஊற்றிய மழைத் தண்ணீரைப் பிடிக்கச் சொன்னார். நான் பஸ்ஸின் பின்பக்கம் இறங்கிப் போனேன். போனால், தலைமேல் மழை நின்றது. திரும்பிப் பார்த்தேன். ஜோசப் சார். கறுப்புக் குடையை எனக்குப் பிடித்துக்கொண்டு, வெள்ளைச் சட்டை நனைய, முகத்தைச் செம்பனைப் பக்கம் திருப்பி நின்றார்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"பத்து நிமிசம் சார்."

"பதினஞ்சு எடுத்துக்கங்க. அவசரத்துல சரியா ஒட்டாது."

அதுவரை நானே என் கையால் முழுதாகப் பை மாற்றியதில்லை. எப்போதும் சரோஜா இருப்பாள். அன்று மழையில், ஒரு இன்ஸ்பெக்டரின் குடைக்குக் கீழே, நின்றபடியே கழுவி, துடைத்து, உலர்த்தி, ஒட்டினேன். சுருக்கம் இல்லாமல் ஒட்டியது. சொன்னால் சிரிப்பீர்கள், முதன்முதலில் பஸ் ஓட்டிய அன்றுகூட எனக்கு அப்படி ஒரு பெருமை வந்ததில்லை.

கால்சட்டை ஒரு பிரச்சினையாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு உட்காரமுடியாது. பின்கதவு வழியாக ஒரு கை நீண்டது. அதில் மடிப்புக் கலையாத புதுக் கைலி. கிராணியாரின் கை. முகத்தைக் காட்டவில்லை.

இப்படியாக, மேலே காக்கிச் சட்டையும் கீழே பச்சைக் கட்டம் போட்ட கைலியுமாக நான் ஓட்டுநர் சீட்டில் ஏறினேன். பஸ் முழுக்கக் கைதட்டியது. "ஜாலான்!" என்று கத்தினார் ஒரு கடற்படை வீரர், கப்பலைக் கிளப்புவது போல. மழை பெய்துகொண்டிருந்தாலும் எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டார்கள். எல்லோரும் நனைந்தார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

மீனம்மா மட்டும் இன்னும் கணக்கை முடிக்கவில்லை. ஒரு கருவாட்டை எடுத்துக்கொண்டு நேராகக் கிராணியார் முன்னால் போய் நின்றார்.

"இப்ப மோந்து பாரு. சொல்லு."

"நல்ல மீன்தான்," என்றார் அவர் தாழ்ந்த குரலில்.

"சத்தமா!"

"நல்ல மீனும்மா!"

அவர் ஒரு கட்டு வாங்கினார். அவரைப் பார்த்துப் பக்கத்துச் சீட்டுக்காரர் வாங்கினார். கடற்படை வாங்கியது. குழந்தைக்கார அக்கா வாங்கினார். குற்ற உணர்ச்சியில் கருவாடு அவ்வளவு வேகமாக விற்கும் என்று மீனம்மாவே நினைத்திருக்கமாட்டார். துரோனோ வருவதற்குள் இரண்டு கூடையும் காலி. "ஈப்போவுக்கு இனி என்னா வேலை?" என்று கேட்டு அங்கேயே இறங்கி, எதிர்ப்பக்கம் நின்ற லூமுட் பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார்.

ஈப்போவில் இருபது நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். இறங்கியவர்கள் ஒவ்வொருவராக ஜோசப் சாரிடம் போய், கேட்காமலேயே, "நல்ல டிரைவர் சார்," என்றார்கள். கிராணியார் மட்டும் சற்று நீளமாகப் பேசினார். ஆங்கிலத்தில். நான் கைலியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, வேலை போனவன் மாதிரி ஓரமாக நின்றேன். பயணிகள் என்ன சொன்னாலும், முதலாளியிடம் பொய் சொன்னது பொய்தானே?

மறுநாள் தவுக்கே கூப்பிட்டனுப்பினார். வாளியைக் கையில் எடுத்துக்கொண்டே போனேன். எப்படியும் அங்கிருந்து நேராகக் கழுவப் போகணும். மேசைமேல் ஜோசப் சாரின் அறிக்கை. தவுக்கே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்:

'திரும்பும் வழியில் எக்ஸாஸ்ட் குழாயில் கசிவு. ஓட்டுநர் தாமாகவே வண்டியை நிறுத்தி, பயணிகளிடம் உண்மையைத் தெரிவித்து, கொட்டும் மழையில் தம் கையாலேயே சரிசெய்தார். புகார் எதுவும் இல்லை. கால்நடைகள் விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை உள்ளவர். ஓட்ட விடலாம்.'

தவுக்கே கண்ணாடியைக் கழற்றினார். "எக்ஸாஸ்ட்ட எத வச்சு அடைச்சே?"

"பிளாஸ்டர் தவுக்கே."

"பிளாஸ்டரா? அது தாங்குமா?"

"மூணு நாளைக்கு ஒரு தடவ மாத்தினா தாங்கும் தவுக்கே."

அவர் கண்ணாடியைப் பெட்டிக்குள் போட்டு மூடினார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்ததா, இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "அப்ப மறக்காம மாத்து," என்று சொல்லி, பஸ் சாவியை மேசைமேல் தள்ளினார். மெக்கானிக் மட்டும் பாவம். அந்த அறிக்கையை நம்பி, இரண்டு நாள் வண்டிக்கு அடியில் படுத்து ஓட்டை தேடினார்.

அதற்குப் பிறகு அதே தடத்தில் இருபது வருடத்துக்கு மேல் ஓட்டி, ரிட்டையராகி வந்தேன். மணியம் அன்றைக்கே எங்கள் வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டியதால், வீட்டில் எனக்கு அப்போதே பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. தேவி பேச ஆரம்பித்த காலத்தில் அப்பா, அம்மா, எக்ஸாஸ்ட் என்றுதான் பேசினாள்.

அவளைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளை வீட்டார் எங்கள் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் அவரவர் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்த அந்த மௌனத்தில், என் சட்டைக்குள்ளிருந்து 'ப்ர்ர்ர்' என்று நிறுத்தி நிதானமாக ஒன்று வந்தது. மாப்பிள்ளையின் அம்மா தன் கணவரைப் பார்த்து முறைத்தார். அந்த மனிதர், பாவம், செய்யாத குற்றத்துக்குத் தலைகுனிந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தேவி பலகாரத் தட்டைக் கீழே வைத்தாள். "மாமாவத் திட்டாதீங்க அத்தை. அது எங்கப்பாவோட எக்ஸாஸ்ட்டு. கம்பெனி ரிப்போர்ட்லயே இருக்கு," என்று சொல்லி, முழுக் கதையையும் அங்கேயே, உடும்பு உட்பட, சொல்லி முடித்தாள்.

மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கில் ஏறியது. நாங்கள் ஜாதகத்தைத் தேடுவதற்குள் அவர் அம்மா கல்யாணத் தேதி பேச ஆரம்பித்துவிட்டார். இன்று அந்த மாப்பிள்ளை காரில் எங்களை ஏற்றிக்கொண்டு எங்கே கிளம்பினாலும், முன்சீட்டில் உட்காரும் என்னைப் பார்த்துத்தான் முதலில் கேட்பார்: "மாமா, ரோட்டுல மாடு ஏதாச்சும் வருமா?"